பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ், ஹார்ட் கவர் மறுபதிப்பு: மாஸ்டர்வொர்க்ஸா, ஆம்னிபஸா?

புதுவை பாலா எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு குழப்பம், அனுபவஸ்தர்கள் தீர்த்து வையுங்கள்.

ராணி காமிக்ஸும் லயனும் படித்து வளர்ந்தவன் நான். திகில், லயன் இதழ்களில் வந்த பேட்மேன்தான் எனக்கு அறிமுகமான முதல் அமெரிக்க சூப்பர் ஹீரோ. இப்போது பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், கையில் கொஞ்சம் காசு மிஞ்சுகிறது. மார்வெல், டிசி என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளில் 1960களின் மார்வெலையும் 1940களின் டிசியையும் ஹார்ட் கவரில் சேர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அந்தக் காலத்து ஒற்றை இதழ்களைத் தேடி வாங்குவதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. மறுபதிப்புதான் ஒரே வழி.

முதலில், நிறைய இதழ்களை ஒரே புத்தகமாகக் கட்டுகிற ஆம்னிபஸ் வரிசையில் அமேசிங் ஸ்பைடர்மேன் முதல் தொகுதி வாங்கினேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல், நல்ல குண்டு புக். கதைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. படுத்துக்கொண்டு படிக்க முடியவில்லை, நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டுகிறது. அப்புறம் அந்தக் கலர். ராத்திரி ட்யூப்லைட்டில் பிரித்தால் சிவப்பும் மஞ்சளும் கண்ணைக் குத்துகின்றன. பழைய இதழ்களின் ஸ்கேன்களில் இதே பக்கங்கள் இவ்வளவு கூச்சல் போடவில்லையே, ஏன்?

அடுத்து ஃபென்டாஸ்டிக் ஃபோர் வாங்க நினைக்கிறேன். மார்வெல் சின்னத் தொகுதிகளாகப் போடுகிற மாஸ்டர்வொர்க்ஸில் போகலாமா, ஆம்னிபஸில் போகலாமா? 1ஆம் இதழிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? பெங்களூருவில் ஒருவர் டிசியின் பழைய மறுபதிப்பு வரிசையான ஆர்கைவ் எடிஷனில் பேட்மேன் முதல் தொகுதி வைத்திருக்கிறார், 4,500 ரூபாய் சொல்கிறார். அதை வாங்குவதா, புதிதாக வந்த கோல்டன் ஏஜ் ஆம்னிபஸ் வாங்குவதா? எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது, ஈரக்காற்று. பாதுகாப்பு பற்றியும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


குண்டுபுக் குமரன் எழுதியது:

ஆம்னிபஸ்தான் சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் ஆம்னிபஸில் 1 முதல் 30 வரை மொத்த இதழ்களும், முதல் ஆண்டு மலரும் அடக்கம். அதே கதைகளுக்கு மாஸ்டர்வொர்க்ஸ் மூன்று வாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வாசகர் கடிதங்கள். மாஸ்டர்வொர்க்ஸில் அவை கிடையாது, ஆம்னிபஸில் கடிதப் பக்கங்களையும் சேர்த்தே போடுகிறார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் 20ஆம் இதழில், 1963இல், ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதிய கடிதம் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் ஜார்ஜ் ஆர். மார்ட்டின். ஆமாம், பிற்பாடு டிராகனையும் சிம்மாசனத்தையும் வைத்து உலகத்தையே கட்டிப்போட்ட அதே ஆள்தான். இது மாதிரி தீனி மாஸ்டர்வொர்க்ஸில் கிடைக்குமா?

படுத்துப் படிக்க முடியவில்லை என்றால் உட்கார்ந்து படியுங்கள் சார் :)


பழைய அச்சுக்காரன் எழுதியது:

பாலா சார், நான் சிவகாசியில் ஆஃப்செட் மிஷினோடு பாதி ஆயுளைக் கழித்தவன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், நோட்டுப் புத்தக அட்டை என்று ஓட்டாத வேலை இல்லை. அதனால் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். உங்கள் கண்ணைக் குத்துகிற கலர் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

அந்த அமெரிக்க இதழ்களெல்லாம் நம்ம ஊர்ப் பாஷையில் சாணித்தாளில் அச்சானவை. பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்து ஸ்பார்ட்டா என்ற சின்ன ஊரில் இருந்த வேர்ல்டு கலர் பிரஸ்ஸில் ராட்சத ரோட்டரி மிஷின்களில் ஓடியது. கலர் பிரிக்கிற வேலை கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் 25, 50, 100 சதவீதம் என்று தனித்தனி ஃபிலிம் தாளில் கையாலேயே நிரப்புவார்கள். மூன்று நிறம், ஒவ்வொன்றிலும் வெறுமையைச் சேர்த்து நான்கு படி, ஆக மொத்தம் 64 கலர். வரைந்தவர் யாராக இருந்தாலும் அவர் கையில் இருந்த கலர் பெட்டி அவ்வளவுதான். முகத்தின் தோல் நிறம் என்பது வெள்ளைத்தாளில் 25 சதவீத சிவப்புப் புள்ளியும் 25 சதவீத மஞ்சள் புள்ளியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பீட்டர் பார்க்கர் கன்னத்தில் அம்மை போட்ட மாதிரி தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாணித்தாள் மையைக் குடிக்கும். புள்ளி விரிந்துவிடும், தாளே பழுப்பு, அதனால் எல்லா நிறமும் ஒரு படி இறங்கித்தான் கண்ணுக்கு வரும். கலர் போட்டவர்களுக்கு இது தெரியும். தாள் குடிக்கப்போவதையும் சேர்த்துத்தான் தூக்கலாகப் போட்டார்கள். அதே சதவீதத்தை இன்றைக்குக் கம்ப்யூட்டரில் புள்ளி இல்லாமல் தட்டையாக நிரப்பி, மை குடிக்காத பளபளா ஆர்ட் பேப்பரில் அடிக்கிறார்கள். திறந்த மைதானத்தில் மைக் இல்லாமல் பேசிய குரலில் அடுக்களைக்குள் வந்து பேசினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும். உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

இதற்காக ஆர்ட் பேப்பரை ஒரேயடியாகத் திட்டவும் மாட்டேன். கறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. சாணித்தாளில் கறுப்பு எப்போதும் கரும் சாம்பல்தான். உங்கள் ஸ்பைடர்மேன் ஆம்னிபஸில் 33ஆம் இதழை எடுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிற சுரங்கத்தில் டன் கணக்கான இயந்திரத்துக்கு அடியில் பீட்டர் மாட்டியிருப்பான். மே அத்தைக்கான மருந்து எட்டாத தூரத்தில் கிடக்கும். ஸ்டீவ் டிட்கோ அவன் தூக்கத் தூக்கக் கட்டங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் எழுந்து நிற்க வைப்பார். அந்தப் பக்கத்தில் கலரை மறந்துவிட்டு கோடுகளை மட்டும் பாருங்கள். முதுகுத் தசையில் போட்டிருக்கிற மெல்லிய நிப் கோடு, இரும்பின் மேல் அழுத்தமான பிரஷ் கறுப்பு, இரண்டும் தனித்தனியாக நிற்கும். பழைய இதழில் இதெல்லாம் ஈஷிப்போய்தான் கிடைத்தது. இன்னொரு நல்ல சேதி, டிட்கோ ஸ்பைடர்மேன் தொடரில் வரைந்தது 38ஆம் இதழ் வரைதான். 39இலிருந்து ஜான் ரொமிட்டா. அந்த 38 இதழும், டிட்கோ வரைந்த இரண்டு ஆண்டு மலர்களும் உங்கள் கையில் இருக்கிற ஒரே புத்தகத்தில் முடிந்துவிட்டன. ஒரு ஓவியரின் முழு ஓட்டம் ஒரே அட்டைக்குள் அடங்குவது அபூர்வம். கனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு இதமான தாள் வேண்டும் என்றால் டிசி 2007, 2008இல் நான்கு தொகுதிகளாகப் போட்ட ஜாக் கிர்பியின் ஃபோர்த் வேர்ல்டு ஆம்னிபஸைத் தேடுங்கள். பளபளப்பு இல்லாத, கொஞ்சம் சொரசொரப்பான தாள். கிர்பி 1970இல் மார்வெலை விட்டு டிசிக்குப் போனதும் ஒரே நேரத்தில் நான்கு தொடர்களில் எழுதி வரைந்த கதை அது. நான்கையும் வெளியான வரிசையில் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். மறுபதிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். காசு ஒரு பொருட்டு இல்லை, வைக்க இடம் உண்டு என்றால் டாஷென் போட்ட ஸ்பைடர்மேன். 2021இல் வந்தது, முதல் 21 இதழ்கள், உயரம் 39.5 சென்டிமீட்டர். அவர்கள் புதிதாகக் கலர் போடவில்லை. நல்ல நிலையில் இருந்த அசல் இதழ்களையே ஃபோட்டோ எடுத்து, அழுக்கை மட்டும் சுத்தம் செய்து அச்சடித்தார்கள். புள்ளியெல்லாம் அப்படியே பெரிதாகத் தெரியும். ஆனால் அதை மேஜையில் விரித்து வைத்துத்தான் படிக்க முடியும், படுக்கைக்குக் கொண்டுபோகிற புத்தகம் அல்ல அது.

மாஸ்டர்வொர்க்ஸ் வரிசை 1987இல் ஆரம்பித்தது. முதல் தொகுதி ஸ்பைடர்மேன், இரண்டாவது ஃபென்டாஸ்டிக் ஃபோர், மூன்றாவது எக்ஸ்மென். பளிங்குக் கல் மாதிரி மேலுறை போட்டிருப்பார்களே, அதுதான். இன்றைக்கு வரிசை எண் 300ஐத் தாண்டிவிட்டது. இதில் நீங்கள் பார்க்க வேண்டியது அச்சிட்ட ஆண்டு. முதல் தலைமுறைப் பிரதிகளை விட, 2000க்குப் பிறகு மறுபடி சுத்தம் செய்து போட்டவை பல தொகுதிகளில் தெளிவு அதிகம். ஏன் என்றால் மூலம். அச்சடித்து முடித்ததும் கறுப்புக் கோட்டு ஃபிலிமைப் பத்திரமாக வைத்திருந்தால் வேலை சுலபம். பல இதழ்களுக்கு அது இல்லை. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? கிரெக் தீக்ஸ்டன் என்பவர் பழைய இதழையே ரசாயனத்தில் ஊறப்போட்டு, கலர் மையை மட்டும் வெளுத்து, கறுப்பை மிச்சம் பிடித்தார். அந்த முறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரு நல்ல பிரதியைப் பலி கொடுத்துத்தான் ஒரு மறுபதிப்பு. கேட்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலேயே கலரை உரித்துவிடுகிறார்கள்.

எந்தப் பதிப்பு நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டது என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க நான் பார்க்கிற பக்கம் ஒன்று உண்டு. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 51. குழுத் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் வேறு வெளிக்குள் போகிற இடத்தில் கிர்பி வரையாமல் புகைப்படங்களை வெட்டி ஒட்டியிருப்பார். புகைப்படம் என்றால் ஏற்கெனவே புள்ளி. அச்சான இதழிலிருந்து அதை மறுபடி எடுத்தால் புள்ளி மேல் புள்ளி ஏறி, அலையலையாக ஒரு வலை தெரியும். அந்தப் பக்கம் சேறாக இருந்தால் மூலம் மோசம். தெளிவாக இருந்தால் மற்ற பக்கங்களை நம்பி வாங்கலாம்.

அதே கையோடு ஃபென்டாஸ்டிக் ஃபோர் கேள்விக்கும் வருகிறேன். 1இலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் கிர்பியும் 1961 முதல் 1970 வரை 102 இதழ்கள் சேர்ந்து செய்தார்கள். ஆரம்ப இதழ்களில் கிர்பியின் பென்சில் படத்தின் மேல் மை போட்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஓவியமும் அதற்கேற்ற மாதிரி ஏறி இறங்கும். 44ஆம் இதழில் ஜோ சின்னட் நிரந்தரமாக மை போட வந்ததும் பாருங்கள், வேறு புத்தகம் மாதிரி ஆகிவிடும். 45இல் இன்ஹியூமன்ஸ், 48 முதல் 50 வரை கேலக்டஸ், நான் சொன்ன 51, அடுத்த இதழிலேயே பிளாக் பேந்தர். எல்லாம் ஒன்றரை வருஷத்துக்குள். மாஸ்டர்வொர்க்ஸில் இது 5, 6 ஆகிய இரண்டு தொகுதிகள். இரண்டையும் வாங்கிப் படுக்கையில் வைத்துப் படியுங்கள். பிடித்திருந்தால் முன்னும் பின்னும் போகலாம். குமரன் தம்பி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அலமாரியில் முதுகு காட்டி நிற்கிற புத்தகத்துக்குப் பக்கக் கணக்கு எதற்கு? முழு வரிசையும் சேர்த்தே தீருவேன் என்று கிளம்பினவர்கள் பலபேர் படிக்காத தொகுதிகளுக்குத்தான் காவல் இருக்கிறார்கள்.

பேட்மேன் ஆர்கைவ்ஸ் விஷயத்தில் ஒரு சூட்சுமம். டிசி அந்த வரிசையை 1989இல் சூப்பர்மேனில் ஆரம்பித்தபோது கதாநாயகன் வாரியாகப் பிரிக்காமல், இதழ்த் தலைப்பு வாரியாகப் பிரித்தார்கள். உங்களிடம் விலை சொல்லியிருக்கிற பேட்மேன் முதல் தொகுதியில் டிடெக்டிவ் காமிக்ஸ் 27 முதல் 50 வரை வந்த பேட்மேன் கதைகள் மட்டும்தான் இருக்கும். 1939இல் பேட்மேன் பிறந்ததும் உண்டு, 38இல் ராபின் வந்ததும் உண்டு. ஆனால் ஜோக்கர் முதலில் தலைகாட்டியது 1940இல் வந்த பேட்மேன் 1ஆம் இதழில். அது இந்தத் தொகுதியில் கிடையாது, டார்க் நைட் ஆர்கைவ்ஸ் என்று தனி வரிசையில் போட்டார்கள். இரண்டு வரிசையும் வாங்கி மாற்றி மாற்றிப் படித்தால்தான் காலவரிசை வரும். 2014ஓடு ஆர்கைவ்ஸே நின்றுபோய்விட்டது, பல வரிசைகள் பாதியில் நிற்கின்றன. பிற்பாடு வந்த கோல்டன் ஏஜ் ஆம்னிபஸில் இரண்டு இதழ்களின் கதைகளும் சேர்ந்தே இருக்கும். படிப்பதற்கு அதுதான் ஒழுங்கு. ஆனால் அதுவும் நெஞ்சில் ஏறி உட்காருகிற ஜாதி.

பைண்டிங். இதைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். புத்தகத்தை நடுவில் விரித்து மேல்விளிம்பை முதுகுப் பக்கமாகப் பாருங்கள். தாள்கள் கத்தை கத்தையாக மடிந்து, சின்னச் சின்ன வளைவாக அடுக்கியிருந்தால் அது ஃபாரம் ஃபாரமாகத் தைத்தது. ஒரு ஃபாரத்தின் நடுப்பக்கத்துக்குப் போனால் நூல் கண்ணுக்கே தெரியும். வளைவே இல்லாமல் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பசையில் முடிந்தால் வெறும் ஒட்டு பைண்டிங். எங்கள் ஊர்க் காற்றுக்கு முதுகு வெடிக்கும், உங்கள் ஊர்க் காற்றுக்குப் பசை இளகும். முதுகின் உச்சியில் தெரிகிற கலர் துணிப்பட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது வெறும் அலங்காரம், எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

புதிய குண்டு புக் வந்ததும் நேராக நடுவில் பிளந்து விரிக்கக் கூடாது. முதுகை மேஜையில் நிறுத்தி, முன்பக்கம் இருபது தாள், பின்பக்கம் இருபது தாள் என்று மாற்றி மாற்றி மெதுவாக அழுத்திவிட்டு நடுவுக்கு வாருங்கள். அப்படியே ஒரு முறை எல்லாப் பக்கமும் புரட்டிவிடுங்கள். ஒரு ஃபாரம் இரண்டு தடவை கோர்த்து, அடுத்தது விடுபட்டிருப்பது எந்த பிரஸ்ஸிலும் நடக்கிற சமாசாரம். வந்த அன்றைக்கே பார்த்தால் மாற்றிக் கேட்கலாம். அப்புறம் அந்தக் கண்ணாடிக் காகித உறையைக் கழற்றிவிடுங்கள். புதுசாகவே இருக்கட்டும் என்று உறையோடு வைக்கிறவர்கள் உண்டு. உள்ளே ஈரத்தைப் பூட்டிவைப்பதைத் தவிர அதனால் ஒரு லாபமும் இல்லை, இறுகிப்போய் அட்டையையும் வளைத்துவிடும்.

ஆர்ட் பேப்பருக்கு எமன் தண்ணீர். மேலே பூசியிருக்கிற வெள்ளை மண் நனைந்தால் பக்கமும் பக்கமும் ஒட்டிக் கல் மாதிரி ஆகிவிடும், பிரித்தால் படம் கையோடு வரும். அதனால் கடைசித் தட்டில் எதையும் வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். மூன்று கிலோ ஆம்னிபஸை நிறுத்தி வைத்தால் உள்கட்டு தன் கனத்தாலேயே கீழே தொங்கி அட்டையிலிருந்து கழன்றுகொள்ளும், இரண்டு இரண்டாகப் படுக்க வைப்பது நல்லது. ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது பசை. மாதம் ஒரு தடவை எடுத்துத் தட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றினாலே போதும். இதற்கு மேல் தெய்வாதீனம்.


டொராண்டோ ரமணன் எழுதியது:

அச்சுக்காரர் அண்ணை எழுதியதை எடுத்து வைத்திருக்கிறேன். நன்றி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இங்கே பொது நூலகத்தில் ஆம்னிபஸ்களை இரவல் தருகிறார்கள், நான் பெரும்பாலானவற்றை அப்படித்தான் முதலில் வாசிக்கிறேன். வாசித்த பிறகும் திரும்ப வேண்டும் என்று மனம் கேட்டால்தான் வாங்குவது. உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் மார்வெலின் எபிக் கலெக்‌ஷன் என்ற மெல்லட்டை வரிசை இருக்கிறது, 2013இல் தொடங்கியது. ஹார்ட் கவர் ஆசைக்கு அது மருந்தில்லை, ஆனால் ஒரு தொடர் உங்களுக்கு ஒத்து வருமா என்று பார்க்க நல்லது.

அச்சில் இல்லாத ஆம்னிபஸுக்கு மூன்று மடங்கு விலை கேட்பவர்களிடம் போகாதீர்கள். பொறுத்தால் மறுபடி அச்சிடுவார்கள். பொம்மைக் கம்பெனி உரிமைச் சிக்கலில் பல வருடம் மாட்டியிருந்த ராம் (ROM) என்ற விண்வெளி வீரன் தொடரே 2024இல் ஆம்னிபஸாக வந்துவிட்டது. அது வராது, வராது என்று சொல்லியே பழைய இதழ்களைப் பெட்டி பெட்டியாக விற்றார்கள் இங்கே.


புதுவை பாலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்காரர் சார், நீங்கள் சொன்னபடி என் ஸ்பைடர்மேனை விரித்துப் பார்த்தேன். நூல் தெரிகிறது! ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பில் படித்தேன், கண் கூச்சம் பாதி குறைந்த மாதிரி இருக்கிறது. 33ஆம் இதழையும் பார்த்தேன். இவ்வளவு நாள் வசனத்தைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிற பக்கம்.

மாஸ்டர்வொர்க்ஸ் 5, 6 ஆர்டர் போட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி, சிரிக்கக் கூடாது. நம்ம தமிழ் காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) இவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஹார்ட் கவர் உண்டா? அமெரிக்கக்காரர்களுக்குப் பக்கத்தில் நம் ஆட்களும் ஒரு தட்டில் இருக்கட்டும் என்று ஆசை.


பழைய அச்சுக்காரன் எழுதியது:

இதில் சிரிக்க என்ன இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழே மாயாவிதானே.

உண்டு சார். லண்டன் டைட்டன் புக்ஸ் 2005இல் இரண்டையும் தனித்தனி ஹார்ட் கவராகப் போட்டது. மாயாவி 1962இல் வேலியன்ட் வார இதழில் வந்த தொடர், ஜீசஸ் பிளாஸ்கோ ஓவியம். ஸ்பைடர் 1965இல் லயன் என்ற பிரிட்டிஷ் வார இதழில், ரெக் பன் ஓவியம். பிற்பாடு ரெபெல்லியன் கம்பெனி உரிமையை வாங்கி 2021இல் மறுபடி ஆரம்பித்தது. இவை அசலே கறுப்பு வெள்ளை என்பதால் நாம் பேசின கலர் வம்பு எதுவும் கிடையாது. பிளாஸ்கோவின் நிழல்களை நல்ல தாளில் பார்ப்பது தனி சுகம்.

அமெரிக்கக்காரர்களுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று தயங்கவே வேண்டாம். ஸ்பைடர் தொடரை ஆரம்பித்தவர் டெட் கோவன், ஆனால் கொஞ்ச நாளிலேயே எழுத்து ஜெர்ரி சீகல் கைக்குப் போனது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். டிசியோடு உரிமைச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதிய கதைகளைத்தான் நாம் லயனில் தமிழில் படித்துக் குதித்தோம். சூப்பர்மேன் ஆர்கைவ்ஸ் எப்போதாவது கிடைத்தால் அதற்கும் ஸ்பைடருக்கும் ஒரே தட்டு கொடுங்கள்.


குண்டுபுக் குமரன் எழுதியது:

சீகல் விஷயம் எனக்குப் புதுசு. அச்சுக்காரர் ஐயா, ஸ்பைடரை ஆம்னிபஸாகப் போட்டால் நெஞ்சில் வைத்துப் படிப்பீர்களா மாட்டீர்களா?


பழைய அச்சுக்காரன் எழுதியது:

போடட்டும் தம்பி, அப்போது பார்க்கலாம்.


புதுவை பாலா எழுதியது:

பெங்களூருக்காரர் பேட்மேன் ஆர்கைவ்ஸ் படங்கள் அனுப்பினார். மேலுறையில் ஒரு மூலை கிழிசல், உள்ளே சுத்தம், நூல் தெரிகிற மாதிரி நடுப்பக்கமும் ஃபோட்டோ எடுத்துக் கேட்டு வாங்கினேன். தையல்தான். ஜோக்கர் இல்லை என்பதைச் சொல்லி 3,800க்கு இறக்கியிருக்கிறேன். எடுக்கலாமா?


பழைய அச்சுக்காரன் எழுதியது:

கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுங்கள், செலோ டேப் மட்டும் வேண்டாம், பழுப்பாகி உருகும். மேலுறைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுவிடுங்கள். கூரியரில் மூலை நசுங்காமல் இருக்க நான்கு மூலைக்கும் அட்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள். 3,800 என்றால் எடுங்கள்.